மரத்துக்கு வந்த அம்மை

(கிராமத்துப் பகுத்தறிவுக் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த ஊருக்கு நாம் வருவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை வந்து நன்றாக அவமானப்பட்டுத் திரும்பினோம் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், அதற்கு உங்களுக்குப் பாத்தியதை உண்டு. அன்று நடந்த தவறு நம்முடையது. அதை ஒப்புக்கொண்டு, சரியான சங்கதியை உங்கள் கண்ணாலேயே பார்க்கும்படி செய்துவிட்டுப் போகலாம் என்றுதான் இன்று வந்திருக்கிறோம். நம்முடைய மானம் போனது ஒரு பெரிய காரியமல்ல. ஒரு கிழவியின் பிழைப்புப் போய் நாற்பது நாள் ஆகிறதே, அதுதான் பெரிய காரியம்.

வெளியூர்த் தோழர்களும் வந்திருப்பதால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தெருக்கோடியில் நிற்கும் புங்கமரத்தை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. அதன் நிழலில் ஆயா ஒருவர் இட்லிக் கடை வைத்துப் பிழைத்து வந்தார். இந்த வருஷம் வைகாசியில் மரம் தளிர்விட்டது. தளிர் முற்றி இலையாகும்போது பார்த்தால், இலையின் மேல் சின்னச் சின்ன முளைகள். சில இலைகளில் நாலைந்து. சில இலைகளில் விரல் வைக்க இடமில்லாதபடி. முதலில் பச்சையாக இருந்தவை பிறகு சிவந்தன. அதற்குப் பிறகு கறுத்தன. இதை யாரோ ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரத்துக்கு அம்மை வார்த்திருக்கிறது" என்றாராம். அவ்வளவுதான். மறுநாள் மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி. அதற்கு மறுநாள் வேப்பிலைக் கொத்து. மூன்றாம் நாள் ஒரு தட்டு. நாலாம் நாள் தட்டில் சில்லறை.

தட்டு வந்த பிறகு, அம்மனுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் ஒன்றும் வேண்டியதாயிற்று. காரணம் தேடினால் யார் அகப்படுவார்? நாலு வேலி நிலம் உள்ளவர் அகப்படுவாரா? மச்சு வீட்டுக்காரர் அகப்படுவாரா? புருஷனும் பிள்ளையும் இல்லாமல், கேட்பதற்கு ஒரு நாதியும் இல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற கிழவிதான் அகப்படுவார். அவர் எச்சில் பாத்திரம் கழுவின தண்ணீரை மரத்தின் வேரில் ஊற்றினாராம். ஆகையால் தெய்வக் குற்றமாம். குற்றத்துக்கு ஆயிரத்தொரு ரூபாய் கட்ட வேண்டுமாம். கடையையும் எடுத்துவிட வேண்டுமாம். ஆயா பணத்தையும் கட்டினார்; அடுப்பையும் பெயர்த்துக்கொண்டு போனார்.

இந்த ஊர் வாலிபர்கள் சிலர் வந்து நம்மிடம் சொன்னார்கள். நாமும் உடனே புறப்பட்டு வந்தோம். எப்படி வந்தோம் என்றால், எல்லாம் தெரிந்தவர் மாதிரி வந்தோம். இலையில் இப்படி முளை கண்டால் உள்ளே புழு இருக்கும் என்று எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தோம். அந்த ஒரு வரிப் படிப்பை வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவில் நின்று, "இதோ அறுக்கிறோம், புழு விழும் பாருங்கள்" என்று சவால் விட்டு, பிளேடால் ஒரு முளையை அறுத்தோம். புழு விழவில்லை. இன்னொன்றை அறுத்தோம், விழவில்லை. பத்துப் பன்னிரண்டு அறுத்தாயிற்று. உள்ளே வெறும் பொந்தும், பஞ்சுப் பிசிறு போல் கொஞ்சம் மயிரும்தான் இருந்தன. பூசாரியார் எழுந்து, "புழு எங்கே ஐயா?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. "புழு இல்லை, ஆகவே அம்மன்தான்" என்று அவர் அடுத்தபடியாகச் சொன்னது நியாயமல்ல. ஆனாலும் அப்படிச் சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுத்தவர் நாமேதான். வேண்டுமென்று கெடுக்க வந்தவன்கூட அந்த ஆயாவுக்கு அன்று நாம் செய்த கெடுதலைச் செய்திருக்க முடியாது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடிகாரம் பழுது பார்க்கும் தோழர் ஒருவரிடம் போய், அவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸை இரவல் வாங்கினோம். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது அதிகமில்லை. ஆகையால் எதையும் இப்படி இரவல் வாங்கித்தான் தெரிந்துகொள்வது வழக்கம். புதிதாகப் பறித்த இலையின் முளையைப் பிளந்து வைத்து, அந்த லென்ஸால் பார்த்தோம். உப்புத் தூள் போல் வெளுப்பாக ஏதோ இருந்தது. அது நகருகிறதா நகரவில்லையா என்று சொல்ல முடியவில்லை. பிறகு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தயவு செய்து, நுண்ணோக்கியின் கீழ் அதை வைத்துக் காட்டினார். தோழர்களே, பார்த்தவுடன் நமக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொந்துக்குள் ஒரு கிராமமே குடியிருக்கிறது! முள்ளங்கி வடிவத்தில், கண்ணாடி போல் வெளுத்த உடம்பு. தலைப்பக்கத்தில் மட்டும் நாலு கால். பின்பக்கம் கால் இல்லாமல் நீண்டு குறுகிப் போகிறது. ஒன்றின் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். அதாவது ஐந்தை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இதை வெறுங்கண்ணால் பார்க்க எவராலும் ஆகாது. நாம் அன்று பிளேடால் அறுத்தபோது இவை எல்லாம் நம் கண் எதிரிலேயேதான் இருந்தன. இல்லை என்று நாம் கண்டது, அவை இல்லாததால் அல்ல. நம் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இல்லாததால்.

இது புழுவும் அல்ல. பூச்சி என்று சொல்லுவதும் சரியல்ல. சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். சிலந்திக்கும் உண்ணிக்கும் எட்டுக் கால். இந்த வகைக்கு மட்டும் நாலே கால். ஈரியோபைட் சிலந்தி என்று விவசாய இலாகாவார் சொல்லுகிறார்களே, அந்தக் குடும்பம். தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1998-ல் கேரளத்தில் தலைகாட்டி, பிறகு நம் பக்கத்துக்கும் வந்து, தேங்காயின் மட்டையைப் பழுப்பேற்றி, வெடிக்கவைத்து, காயைச் சிறுக்கவைத்ததே, அது இதன் பங்காளி. தென்னைக்கு அது வந்தபோது எவரும் தோப்புக்குத் தோப்பு மஞ்சள் துணி சுற்றவில்லை. விலை போகிற சரக்கு என்றால் மருந்து தேடுகிறோம். நிழல் மரம் என்றால் அம்மன் என்கிறோம்!

இனி, இந்த முளை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். இலை தளிராக இருக்கும்போது இந்தச் சிலந்தி அதன் கீழ்ப்புறத்தில் ஊசி போன்ற வாயால் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. குத்தின இடத்தில் இலையின் சதை, வழக்கமான வளர்ச்சியை விட்டு, மேல் நோக்கிப் பை போல் உப்புகிறது. சிலந்தி அந்தப் பைக்குள் போய்விடுகிறது. அங்கேயே அதற்குச் சோறு, அங்கேயே வீடு, அங்கேயே பிள்ளைப் பேறு. கட்டியவர் யார் என்றால் மரம். கட்டச் செய்தவர் யார் என்றால் சிலந்தி. நம் உடம்பில் வருகிற கட்டியைக் கழலை என்கிறோம் அல்லவா? செடியில் வரும் இதையும் கழலை என்றே நூல்களில் எழுதுகிறார்கள். இலையைத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு முளைக்கும் நேர் கீழே ஒரு சின்னத் துவாரம் இருக்கும். வாசலில் மயிர் அடைத்திருக்கும். அதுதான் போகவர வழி. அம்மைக் கொப்புளத்துக்கு வாசல் வைத்திருப்பதை எவராவது கண்டதுண்டா?

வளருகிற தளிரில்தான் இந்த வேலை நடக்கும். முற்றின இலையில் எவ்வளவு குத்தினாலும் புதிதாகப் பை கட்டாது. அதனால்தான் வைகாசித் தளிரில் வந்ததே தவிர, முன்பே இருந்த இலைகளில் வரவில்லை. வேரில் ஊற்றின தண்ணீரால் வந்தது என்றால் பழைய இலையை விட்டுப் புது இலைக்கு மட்டும் வருவானேன்? அன்றியும், இன்று வருகிற வழியில் நெடுஞ்சாலையில் மரத்துக்கு மரம் இறங்கி நின்று பார்த்துக்கொண்டே வந்தோம். கடையும் இல்லை, ஆயாவும் இல்லை, எச்சில் தண்ணீரும் இல்லை, லாரியும் புழுதியும்தான். அந்தப் புங்கமரங்களிலும் இதே முளை. இலைகள் இதோ இந்த மேஜையில் இருக்கின்றன. எடை கொஞ்சமும் இல்லாத இந்த ஜீவன்களைக் காற்று ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. காற்றுக்கு ஆயிரத்தொரு ரூபாய் அபராதம் போட முடியுமா?

மரம் செத்துப்போகுமே என்று சிலர் கவலைப்பட்டதாகக் கேள்வி. சாகாது. இலையின் அழகு கெடும், கொஞ்சம் ஊட்டம் குறையும், அவ்வளவே. இலை உதிர்ந்து மறு தளிர் வரும். முளை அதிகம் உள்ள சிறு கிளைகளை வெட்டி எரித்துவிட்டாலே போதும்.

அம்மை என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதனுக்கு வந்த பெரியம்மையே இந்தத் தேசத்தை விட்டு 1975-ல் போய்விட்டது. பூமியை விட்டே ஒழிந்துபோயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் 1980-ல் பிரசித்தம் செய்தாயிற்று. கூழ் ஊற்றியதால் போகவில்லை. அம்மைப் பால் குத்தியதால் போயிற்று. மனிதனை விட்டுப் போனது புங்கமரத்தில் ஏறிக்கொண்டது போலிருக்கிறது!

நிற்க. அன்று நாம் செய்த தவறு நமக்கு மாத்திரம் உரிய தவறல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். இதைச் சொல்லுவது நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்ள அல்ல, சங்கதி சுவையானது. இத்தாலி தேசத்து பிளாரன்ஸ் நகரில் பிரான்சிஸ்கோ ரெடி என்று ஒரு வைத்தியர் இருந்தார். அழுகின இறைச்சியில் புழு தானாகவே உற்பத்தியாகிறது என்று அந்தக் காலத்தில் படித்தவரும் படிக்காதவரும் நம்பினார்கள். ரெடி என்ன செய்தாரென்றால், ஜாடிகளில் இறைச்சியைப் போட்டு, சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றை மூடிக் கட்டினார். ஈ புகுந்த ஜாடியில் புழு. ஈ புகாத ஜாடியில் புழு இல்லை. 1668-ல் இதைப் புத்தகமாக எழுதி, ஈயின் முட்டைதான் புழுவுக்குக் காரணம் என்று நிரூபித்தார். எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்கள்! அப்படிப்பட்டவர் அதே புத்தகத்தில், மரத்துக் கழலைகளுக்குள் இருக்கும் புழுக்களைப் பற்றி என்ன எழுதினார் என்றால், காயையும் பழத்தையும் உண்டாக்கும் மரத்தின் உயிர்ச்சக்தியே அந்தப் புழுக்களையும் உண்டாக்குகிறது என்று எழுதினார்! கழலையில் முட்டை நுழைந்த வழி அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. அகப்படாததால் மரத்துக்கு ஒரு ஆவியைக் கொடுத்துவிட்டார். இறைச்சிக்கு ஜாடி கட்டிப் பார்த்த மனுஷர் மரத்துக்கு மாத்திரம் பார்க்காமல் சொன்னார். இதைப் படித்தபோது நமக்குக் கண்ணாடியில் முகம் பார்த்தது போல் இருந்தது.

அதே இத்தாலியில், பொலோனா நகரத்து மால்பிகி என்பவர் 1679-ல் இதைத் தீர்த்துவைத்தார். உடம்பில் இரத்தம் ஓடுகிற மயிரிழைக் குழாய்களை நுண்ணோக்கியால் முதலில் கண்டு சொன்னவரும் இவரே. இவர் ஓக் மரத்தடியில் பொறுமையாக உட்கார்ந்து, ஒரு சின்னக் குளவி மொட்டில் தன் பின்புறத்து ஊசியைச் செருகி முட்டையிடுவதைக் கண்ணால் பார்த்தார். மொட்டுக்குள் இருந்த முட்டையையும் குளவியின் வயிற்றுக்குள் இருந்த முட்டையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று கண்டார். மரத்தின் ஆவிக்கு அன்றோடு வேலை போயிற்று.

வெள்ளைக்காரர்கள் எல்லாம் புத்திசாலிகள், நாம் மட்டும்தான் மூடர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களிலும் ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஓக் மரத்துக் கழலையை உடைத்துப் பார்த்து ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஈ இருந்தால் யுத்தம் வருமாம். புழு இருந்தால் பஞ்சமாம். சிலந்தி இருந்தால் கொள்ளை நோயாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ஜீவனையும் கண்ணால் கண்டார்கள். கண்டும், இது எப்படி இதற்குள் வந்தது என்று கேட்காமல், இதனால் நமக்கு என்ன வரும் என்று கேட்டார்கள்!

சரி, இந்தக் கழலைகள் எல்லாம் அந்நிய தேசத்துச் சமாச்சாரம் என்று தாய்மார்கள் நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டு உரைமருந்துப் பெட்டியிலேயே ஒன்று இருக்கிறது. மாசிக்காய் என்று வைத்திருக்கிறீர்களே, பச்சைப் பிள்ளைக்குக் கல்லில் உரைத்து நாக்கில் தடவுகிறீர்களே, அது என்ன காய்? எந்தக் கொடியில் காய்த்தது? எந்தப் பூவில் பிஞ்சு விட்டது? தோழர்களே, அது காயே அல்ல! துருக்கி, சிரியா, பாரசீகம் ஆகிய தேசங்களில் வளரும் ஒருவகை ஓக் மரத்தில், ஒரு குளவி முட்டையிட்டதால் மொட்டு வீங்கி உருண்டையான கழலை அது. மரக்கலத்தில் ஏறி, சந்தைக்குச் சந்தை கை மாறி, உங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாளைக் காலையில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பிடி மாசிக்காய் வாங்கிப் பாருங்கள். சிலவற்றில் ஊசியால் குத்தினது போல் ஒரு ஓட்டை இருக்கும், சிலவற்றில் இராது. ஓட்டை உள்ளதில் குளவி வளர்ந்து வெளியே பறந்துவிட்டது. ஓட்டை இல்லாததை உடைத்தால் உள்ளே அந்த ஜீவன் காய்ந்து கிடக்கும். ஓட்டை இல்லாதது கறுத்துக் கனமாக இருக்கும். துவர்ப்பும் அதில்தான் ஜாஸ்தி. ஆகையால் வியாபாரிகள் அதற்கே விலை அதிகம் கேட்பார்கள். இவ்வளவு காலமாகக் கடைக்காரர் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததெல்லாம் குளவி வெளியேறின வீடா, வெளியேறாத வீடா என்பதைத்தான்.

இந்த மாசிக்காயை ஊறவைத்து அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை ஆகும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டு காலம் சட்டமும், சாசனமும், பைபிளும், பாவமன்னிப்புச் சீட்டும், கடன் பத்திரமும் எல்லாம் இந்த மையால்தான் எழுதினார்கள். பரிசுத்த வேதத்தின் எழுத்துக்குக் கறுப்பு கொடுத்தது ஒரு குளவிக் குஞ்சின் தொட்டில்!

இன்னும் கேளுங்கள். கடுக்காய்ப்பூ என்று ஒன்று விற்கிறார்களே, அது பூவல்ல. கடுக்காய் மரத்தில் பூச்சியால் வந்த கழலை. கற்கடகசிங்கி என்றால் நண்டின் கொம்பு என்று அர்த்தமாம், நண்டுமில்லை, கொம்புமில்லை, வடக்கே மலைப் பிரதேசத்து மரம் ஒன்றில் அசுவினிப் பூச்சி கட்டவைத்த கூடு. காய் என்றது காயல்ல, பூ என்றது பூவல்ல, கொம்பு என்றது கொம்பல்ல. பெயர் வைத்தவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. அவர்கள் பார்த்த அளவுக்குப் பெயர் வைத்தார்கள். அதனால் எவருடைய அடுப்பையும் அணைக்கவில்லை.

விவசாயத் தோழர்கள் நிறையப் பேர் இருப்பதால் நெல்லைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. ஆனைக்கொம்பன் விழுந்த வயலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூர் கட்டுகிற பருவத்தில், குருத்து இலையாக விரியாமல், வெங்காயத் தாள் போல் குழலாக, வெள்ளி நிறத்தில் நீண்டு நிற்கும். அந்தத் தூரில் கதிர் வராது. யானைத் தந்தம் போல் இருப்பதால் அந்தப் பெயர். நம் ஊர்ப்பக்கத்தில் இதைத் திருஷ்டி என்று சொல்லி, வயல் மூலையில் கழிப்புக் கழித்து, சேவல் அறுக்கிறவர்கள் உண்டு. பக்கத்து வயல்காரன் கண் பட்டது என்று ஜன்மப் பகை கொண்டாடுகிறவர்களும் உண்டு. அந்தக் குழலும் ஒரு கழலைதான். கொசு மாதிரி ஒரு சின்ன ஈ இராத்திரியில் வந்து இலையடியில் முட்டையிடுகிறது. புழு இறங்கிப்போய்க் குருத்தின் முனையில் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பயிர் குழலாக வளர்கிறது. கடைசியில் கூட்டுப்புழு அந்தக் குழலுக்குள்ளேயே மேலே ஏறி, நுனியில் ஓட்டை போட்டு ஈயாகப் பறந்துவிடுகிறது. குழலின் நுனியில் அது கழற்றிப் போட்ட சட்டை தொங்குவதைக் காலையில் போனால் பார்க்கலாம். சேவல் அறுக்கிற காசுக்கு, காலத்தில் நடவு செய்து, வரப்புப் புல்லை ஒழித்து, தழைச்சத்து உரத்தை அளவாகப் போட்டு, இதற்கு அசையாத இரகம் எது என்று விரிவாக்க மையத்தில் கேட்டு விதைத்தால் வயலில் பாதித் தொல்லை ஒழியும். அந்தப் புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்னுகிற நுண்ணிய குளவி ஒன்று நம் வயலிலேயே இருக்கிறது. கண்ட மருந்தையும் கண்டபடி அடித்தால் முதலில் சாவது அந்தக் கூலி வாங்காத காவற்காரன்தான்.

மாமரத்திலும் இதே கதை உண்டு. வாசலில் தோரணம் கட்டுகிற மாவிலையைத் தடவிப் பாருங்கள். பல இலைகளில் வியர்க்குரு போல் தடிப்புக் கையில் தட்டுப்படும். அதுவும் ஒரு சின்ன ஈயின் வேலை. அந்த இலையைக் கலியாண வீட்டில் சுபம் என்று கட்டுகிறோம். புங்க இலையில் வந்தால் குற்றம் என்கிறோம். ஒரே மாதிரி வந்த கொப்புளம் ஒரு மரத்தில் மங்களம், இன்னொரு மரத்தில் அமங்களமா?

கலியாண முருங்கை பட்ட பாடு இன்னும் பெரிது. ஒன்றரை மில்லிமீட்டர்கூடச் சரியாக இல்லாத ஒரு குளவி. 2004-ல்தான் அதற்கு விஞ்ஞானிகள் பெயரே வைத்தார்கள். அடுத்த இரண்டொரு வருஷங்களுக்குள் ஹவாய்த் தீவு வரைக்கும் போய்விட்டது. தென்னிந்தியாவிலும், மிளகுக்கொடி ஏற்றுகிற மரங்களின் இலையும் காம்பும் தடித்துச் சுருண்டு கொட்டிப்போயின. ஹவாய்த் தீவில் யாரும் எந்தக் கிழவியையும் தேடவில்லை. இந்தக் குளவிக்கு எதிரி யார் என்று தேடி, ஆப்பிரிக்காவில் தான்சானியா வரைக்கும் போய், அங்கிருந்து இன்னொரு குளவியைக் கொண்டுவந்து, சோதனை செய்து, 2008-ல் பறக்கவிட்டார்கள்.

எல்லா முடிச்சும் நோயல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு விவசாயத் தோழர் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்து, வேர் நிறைய முடிச்சு என்று பயந்து மருந்து கேட்டு வந்தார். அந்த முடிச்சுக்குள் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது. 1880-களிலேயே ஜெர்மனியில் சோதித்துக் கண்ட விஷயம். கத்தரி வேரிலும் தக்காளி வேரிலும் வருகிற முடிச்சு வேறு, அது நூற்புழுவால் வருவது, பயிரைக் கெடுப்பது. எப்படிப் பிரித்தறிவது என்றால், நகத்தால் தட்டிப் பாருங்கள். கடலையின் முடிச்சு பொத்தான் போல் தனியாகக் கழன்று வரும். நசுக்கினால் உள்ளே ரோஜா நிறம். நூற்புழு முடிச்சு கழலாது, வேரே வீங்கியிருக்கும்.

இந்தத் தேசத்துக் கழலைகளைப் பற்றி எம். எஸ். மணி என்ற நம் நாட்டு அறிஞர் ஆயுள் முழுவதும் உழைத்து ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். சென்னை லயோலா கல்லூரியில் டி. என். அனந்தகிருஷ்ணன் என்பவரும் அவருடைய மாணவர்களும் இலைப்பேன் கட்டுகிற கழலைகளை வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள். பூச்சிக்குப் பூச்சி கழலையின் உருவம் வேறுபடும். ஆகையால் அனுபவம் உள்ளவர்கள் உள்ளே இருப்பதைப் பார்க்காமலே, வீட்டைப் பார்த்துக் குடித்தனக்காரன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்த அனுபவம் நமக்கு வராதா என்று ஆசையாகத்தான் இருக்கிறது. வருகிற வரைக்கும் அறுத்துப் பார்த்தே சொல்லுகிறோம்.

"சிவப்பு எப்படி வந்தது? குங்குமம் அல்லவா?" என்று சென்ற தடவை ஒரு அம்மாள் கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஒரு புதர்ச் செடியில் அசுவினி கட்டவைக்கும் கழலை சில சமயம் சிவப்பாகவும் சில சமயம் பச்சையாகவும் இருக்கிறது. 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், அந்த நிறத்தை நிர்ணயிப்பது அசுவினியின் உடம்பிலுள்ள ஒரு மரபணு என்று கண்டிருக்கிறார்கள். சாயம் செடியினுடையது, உத்தரவு பூச்சியினுடையது. நம் புங்க இலையில் எந்த உத்தரவு எப்படிப் போகிறது என்பதை இனிமேல் பிறக்கிற பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். அந்த அம்மாளின் பேத்தியாகவும் இருக்கலாம்.

பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். மேஜைமேல் அந்தக் கடிகாரக்காரத் தோழரின் லென்ஸும், ஆசிரியர் நம்பிக் கொடுத்தனுப்பின நுண்ணோக்கியும் இருக்கின்றன. இன்று காலையில் நீங்களே பார்க்க, உங்கள் மரத்திலிருந்தே பறித்த இலை பிளந்து வைத்திருக்கிறது. நெடுஞ்சாலை மரத்து இலை பக்கத்தில் இருக்கிறது. பூசாரியார் வந்திருக்கிறார், சென்ற தடவை "புழு எங்கே" என்று கேட்டவர் அவரானபடியால், முதலில் அவரே பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்தபடி ஆயா பார்க்கட்டும். அவருக்குக் கண் மங்கல்; அவசரப்படுத்தாதீர்கள். குற்றம் விதித்த பெரியதனக்காரர்கள் மூன்று பேரும் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களும் பார்த்துவிட்டு, அந்த ஆயிரத்தொரு ரூபாய் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை இந்தச் சபையிலேயே சொன்னால் நல்லது. மஞ்சள் துணி இருந்துவிட்டுப் போகட்டும். துணியால் மரத்துக்குக் கெடுதலில்லை. அடுப்புப் போட்டிருந்த இடத்தில் இருக்கிற தட்டைத்தான் எடுக்க வேண்டும். தாய்மார்கள் முதலில், மற்றவர்கள் பிறகு, வரிசையாக வாருங்கள். லென்ஸைக் கீழே போட்டுவிடாதீர்கள், இரவல் சாமான்.